தெரிந்த முகம் என்று ஒன்று எனக்கு இல்லை

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண எனக்கு முடிவதில்லை. அதற்குக் காரணம் தேடி ஆன செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக் கண்ணாடிக்கு 400 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பக்கம். தனியார் கண் மருத்துவருக்கும் அங்கே எடுத்த சோதனைகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஞாபகசக்தியை வளர்ப்பதாகச் சொன்ன வார இறுதி வகுப்புக்கு 800 வெள்ளி. நரம்பியல் மருத்துவர், எம்ஆர்ஐ ஸ்கேன் என்று 1,500 வெள்ளிக்கு மேல். தேக்காவில் வாங்கிச் சாப்பிட்ட வல்லாரை மாத்திரைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது அம்மாவின் மனத்திருப்திக்காக. இத்தனைக்கும் பிறகு எனக்குக் கிடைத்த பதில்: கண் நன்றாக இருக்கிறது, ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, ஸ்கேனில் எதுவும் இல்லை, கொஞ்சம் ஓய்வெடுங்கள். விஷயம் என்ன என்பது ஒரு ராத்திரி, மகன் தூங்கிய பிறகு, கைப்பேசியில் தேடியபோது காசில்லாமல் தெரியவந்தது. யாராவது எனக்கு இருபது வயதிலேயே சொல்லியிருந்தால் ஒரு வேலையும் சில உறவுகளும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு முகங்கள் மனத்தில் நிற்பதில்லை. பிறந்ததிலிருந்தே இப்படித்தான். மருத்துவத்தில் இதைப் புரோசொபக்னோசியா என்பார்கள். ஃபேஸ் பிளைண்ட்னஸ் என்று தேடினாலும் கிடைக்கும். இங்கே முகமறியாமை என்று சொல்லிக்கொள்கிறேன். பார்வையில் மங்கல் கிடையாது. எதிரே நிற்பவரின் மூக்கு, புருவம், கன்னத்து மச்சம் எல்லாம் துல்லியமாகத் தெரியும். சிரிக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா, வயது என்ன இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் இவர் நேற்றுப் பேசியவரா, இன்றுதான் முதல்முறை பார்க்கிறேனா என்பது முகத்தைப் பார்த்துப் பிடிபடாது. ஈரச்சந்தையில் தேங்காய்க் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுங்கள். மறுநாள் வந்து அதே தேங்காயை எடுங்கள் என்றால் முடியுமா? எனக்கு மனிதர்கள் அப்படி. மூளையின் அடிப்பகுதியில், குறிப்பாக வலப்பக்கம், முகம் பார்க்கும் வேலைக்கென்றே ஓர் இடம் இருப்பதை நான்சி கான்விஷர் என்ற ஆய்வாளரின் குழு 1997-இல் ஸ்கேன் வழியாகக் காட்டியது. மற்றவர்களுக்கு யோசிக்காமலே நொடியில் முடிந்துவிடுகிற அந்த வேலையை நான் முடி, நடை, குரல், கைப்பை, செருப்பு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

அபூர்வமான விஷயமும் இல்லை. ஏறக்குறைய 50 பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் உங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே சிலர் இருப்பார்கள். அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். பிறவியிலேயே இருப்பதில் உள்ள சிக்கல் அதுதான். மற்றவர்கள் எப்படி ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததால், எல்லோரும் நம்மைப் போலத்தான் திண்டாடுகிறார்கள், நாம்தான் கொஞ்சம் மக்கு என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துவிடுவோம்.

நான் வளர்ந்தது சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில். பள்ளியில் எல்லாருக்கும் ஒரே சீருடை, அதிலும் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட தமிழ்ப் பிள்ளைகள் என்றால் எனக்கு ரொம்பக் கஷ்டம். யார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்பதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆசிரியர் இடம் மாற்றினால் அந்த வாரம் பாழ். உயர்நிலையில் எனக்கு உயிருக்குயிரான ஒரு தோழி, இடுப்பு வரை முடி. ஒரு விடுமுறை முடிந்து தோளளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள் எங்கே என்று இன்னொருத்தியிடம் கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று அவள் நினைத்தது ஒரு நாள்; வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்தது அடுத்த பல மாதங்கள்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் அவரோடு நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாருக்கும் சிரிப்பு, எல்லாருக்கும் ஒரு வணக்கம். யாராவது நின்றுவிட்டால், "என்ன, எப்படி இருக்கீங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். யாரிடம் கேட்டாலும் பொருந்துகிற கேள்வி. எவ்வளவு பணிவான மனுஷன் என்று ஊரே சொல்லும். எனக்கு விஷயம் தெரிந்த பிறகு அவரிடம் போய், "அப்பா, அவங்கல்லாம் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாதிப் பேரைத் தெரியாதும்மா" என்றார். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று பிறகு படித்தேன். இருவருக்கும் ஒரே குறைதான், ஆனால் அப்பாவுக்குப் பணிவானவர் என்ற பெயர், எனக்குத் திமிர் பிடித்தவள் என்ற பெயர். தெருவில் வருகிற ஆண்களுக்கெல்லாம் சிரிப்பும் வணக்கமும் வைக்கிற வழி ஒரு பெண்ணுக்குத் திறந்திருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கப் பழகினேன்.

நம் ஆட்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. கல்யாண வீட்டில் ஒருவர் நேரே வந்து நின்று, "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே காத்திருப்பார். சுற்றி நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் போகாமல் விட்ட கல்யாணங்கள் உண்டு. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு இது என் பக்கத்துச் சொந்தங்களோடு போனது. பிறகு கணவர் பக்கத்து ஆட்கள் முழுக்கப் புதிது. ஒருமுறை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் சின்ன மாமனாருக்குப் பக்கத்தில் நின்று, அதே ரயிலில் ஏறி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கிறேன். எனக்கு அவர் யாரோ ஒரு பெரியவர். அவருக்கு, அண்ணன் மருமகள் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறாள். அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. படித்த திமிர் என்று மாமியார் காதுக்கு வந்தது, மாமியாரிடமிருந்து என் காதுக்கு வந்தது. நான் அழுதேன். என் கணவருக்கும் அப்போது என்ன நடக்கிறது என்று புரியவில்லை. "உண்மையிலேயே உனக்குத் தெரியலையா?" என்று அவர் கேட்ட தொனியில் பாதி சந்தேகம் இருந்தது. எனக்கே இல்லாத பதிலை அவருக்கு எப்படிச் சொல்வது?

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளோடு எனக்குப் பிரச்சினை இல்லை. குரல், ஓடுகிற விதம், கையில் கட்டிப்பிடித்திருக்கும் பொம்மை என்று சின்னப் பிள்ளைகளிடம் அடையாளம் நிறைய இருக்கும். பிரச்சினை மாலையில் கூட்டிப்போக வரும் பெற்றோரோடு. ஒரு பிள்ளையை ஒரு நாள் அம்மா, மறுநாள் தாத்தா, அடுத்த நாள் வீட்டுப் பணிப்பெண் என்று யார் யாரோ கூட்டிப்போவார்கள். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் சரி என்று சிலர் விட்டுவிடுவார்கள். இரண்டு வயதுப் பிள்ளை யாரிடமும் ஓடும், எனக்கு அது போதாது. ஆகவே சந்தேகம் வந்தபோதெல்லாம் பெயரைக் கேட்டேன், பதிவில் உள்ளவரா என்று சரிபார்த்தேன், பிறகே பிள்ளையை அனுப்பினேன். சந்தேகம் எனக்கு ஏறக்குறைய எல்லா நாளும் வந்தது.

2020 ஏப்ரல் 14-ஆம் தேதி சிங்கப்பூரில் முகக்கவசம் கட்டாயமானது. எல்லாரும் புலம்பிய அந்தக் காலம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சுகமாக இருந்தது. "சாரி, மாஸ்க்ல அடையாளம் தெரியலை" என்று ஊரில் எல்லாருமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் கேட்ட கேள்வி சாதாரணமான கேள்வியாக இருந்தது. 2022 ஆகஸ்ட் இறுதியில் பெரும்பாலான இடங்களில் கவசம் தேவையில்லை என்று ஆனதும் அந்தச் சலுகை போய்விட்டது. அந்த இரண்டு வருடத்தில் சேர்ந்த பெற்றோரின் முழு முகத்தைப் பார்த்து மற்ற ஆசிரியைகள், "ஐயோ, நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்" என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, முன்பும் தெரியாது, இப்போதும் தெரியாது.

புகார் வந்தது அதற்குப் பிறகுதான். ஓர் அம்மா முடியை நேராக்கிச் சாயம் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கமான அலுவலகப் பையும் இல்லை. நான் பெயரைக் கேட்டேன். முந்தின நாள் மாலைதான் அவரோடு பத்து நிமிடம் பேசியிருந்தேன். ஒரு வருடமாகத் தினமும் பார்க்கும் ஆளை யார் என்று கேட்கிறார், என் பிள்ளையை இவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் புகாரைப் படித்த மற்றப் பெற்றோரும் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று என்னை ரொம்பக் காயப்படுத்தியது: "டீச்சருக்குச் சீனர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தெரிகிறோம் போல." வேற்று இனத்தவர் முகங்களைப் பிரித்தறிவது பொதுவாகவே எல்லாருக்கும் கொஞ்சம் கடினம், இது ஆய்வுகளில் பலமுறை உறுதியான விஷயம். சிங்கப்பூரில் அந்தச் சந்தேகம் ஒருவர் மேல் விழுந்தால் துடைப்பது சுலபமில்லை. எனக்குத் தமிழர்களும் அப்படித்தான், என் சொந்தப் பெரியம்மாவும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன காரணம் என்று எனக்கே தெரியாதபோது அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நிர்வாகத்தில் கூப்பிட்டு, கவனம், ஈடுபாடு, அணுகுமுறை என்று பேசினார்கள். ஒரு பிள்ளையைக்கூட நான் தவறான ஆளிடம் அனுப்பியதில்லை, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சில மாதங்கள் தாக்குப்பிடித்துவிட்டு விலகினேன். ஒரு சரக்கு நிறுவனத்தில் கணினியில் பதிவு செய்யும் வேலை கிடைத்தது, சம்பளம் மாதம் 500 வெள்ளி குறைவு. அங்கே எல்லாரும் கழுத்தில் பெயர் அட்டை மாட்டியிருந்தார்கள், அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்தக் காலத்தில்தான் மேலே சொன்ன செலவெல்லாம். கண்ணாடிக் கடையில் ஆரம்பித்தது, கண் சரியில்லையோ என்ற எண்ணத்தில். உங்களுக்கு என் பேச்சில் உங்கள் கதை தெரிந்தால் முதலில் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: தூரத்துப் பேருந்து எண்ணைப் படிக்க முடிகிறதா, பூ, கார், செருப்பு வகைகளைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா, ஆனால் ஆட்கள் மட்டும் குழம்புகிறார்களா? அப்படியானால் புதுக் கண்ணாடி உதவாது. அதேபோல, போன வருடம் அவர் என்ன சேலை கட்டியிருந்தார், என்ன பேசினார் என்பது வரை நினைவிருக்கிறதா? அப்படியானால் ஞாபகசக்தி வகுப்புக்கும் போகாதீர்கள். "எனக்கும்தான் பெயர் மறந்துபோகும்" என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். ஆளைத் தெரிந்து பெயர் மட்டும் வராமல் போவது வேறு. எனக்கு நீங்கள் பெயரைச் சொன்னால் உங்கள் மூன்று பிள்ளைகளின் பெயரையும் உங்கள் பித்தப்பை அறுவைச் சிகிச்சையையும் நானே எடுத்துச் சொல்வேன்.

மருத்துவரிடம் போவதாக இருந்தால் நேராகத் தனியாரிடம் போகாமல் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஆரம்பியுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைச் சிறப்பு மருத்துவரிடம் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணக் கழிவு உண்டு. கடிதம் இல்லாமல் நேராகப் போனால் அது கிடைக்காது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, பிறவியிலேயே இருப்பவர்களுக்குச் சாதாரண எம்ஆர்ஐ-யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஸ்கேன் சுத்தம் என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் ஆகாது. எனக்கு அந்த ஸ்கேன் முடிவு வந்த அன்றுதான் மனம் ரொம்பச் சோர்ந்தது. எதுவும் இல்லை என்றால் குணத்தில்தான் கோளாறு என்றல்லவா ஆகிறது? மருத்துவர் மேல் குற்றம் சொல்லவில்லை. நான் அவரிடம் மறதி என்று சொன்னேன், அவர் மறதிக்குப் பார்த்தார். நீங்கள் போனால் "முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண முடியவில்லை, சின்ன வயதிலிருந்தே" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். நரம்பு உளவியல் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நேற்று வரை முகங்களை நன்றாகத் தெரிந்தவருக்குத் திடீரென்று தெரியாமல் போனால் அது என் கதை இல்லை. பக்கவாதம், தலைக்காயம் போன்றவற்றாலும் முகமறியாமை வரும். ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர் 1947-இல் இதற்குப் பெயர் வைத்ததே தலையில் அடிபட்டவர்களைப் பார்த்துத்தான். அப்படித் திடீரென வந்தால் 995-ஐ அழையுங்கள், காத்திருக்காதீர்கள்.

எனக்குத் தெரியவந்த அந்த ராத்திரிக்கு வருகிறேன். ஒரு கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் ஒரே மாதிரி முடியோடு வந்ததும் யார் யார் என்று குழம்பி, நிறுத்திவிட்டு, ஏன் எனக்கு மட்டும் இப்படி என்று தேடினேன். 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் கிடைத்தது. 2015-இல் வந்தது, பிஐ20 என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 65-க்கு மேல் போனால் முகமறியாமை இருக்க வாய்ப்பு உண்டு, 85-க்கு மேல் என்றால் கடுமையானது. எனக்கு 80-ஐத் தாண்டியது. அப்புறம் கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனை. பிராட் டுஷைன், கென் நாகயாமா இருவரும் 2006-இல் வெளியிட்டது. முடியெல்லாம் மறைத்த ஆறு முகங்களைக் காட்டி, பிறகு மூன்று மூன்றாக வைத்து அதில் எது என்று கேட்பார்கள், மொத்தம் 72 கேள்விகள். சராசரி ஆள் 58-க்குப் பக்கம் எடுப்பார், 42-க்குக் கீழ் என்றால் கவனிக்க வேண்டும். நான் அதற்கும் நன்றாகவே கீழே. நம் ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த மூலச் சோதனையில் இருப்பவை வெள்ளைக்கார ஆண்களின் முகங்கள். முன்னே சொன்ன இன வித்தியாசத்தால் நமக்கு மதிப்பெண் கொஞ்சம் குறையலாம். சீன முகங்களை வைத்த வடிவமும் உண்டு. அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்பாமல், கேள்வித்தாளையும் உங்கள் வாழ்க்கைக் கதையையும் சேர்த்துப் பாருங்கள். கைப்பேசியில் வரும் எண் ஒரு தடயம், மருத்துவ முடிவு இல்லை. நான் அந்த முடிவுகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் பிறகு ஒரு உளவியலாளரிடம் பேசினேன்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது. கூடவே கோபமும் வந்தது, அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எத்தனை வருடம் என்னை நானே திட்டிக்கொண்டேன் என்று எண்ணிப் பார்த்து இரண்டு மூன்று வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூளைக் கோளாறுகளைப் பற்றியே புத்தகங்கள் எழுதிய நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கு இது வாழ்நாள் முழுக்க இருந்தது. எதிரே வந்த தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, பிறகு அது கண்ணாடியில் தெரிந்த தானேதான் என்று கண்டிருக்கிறார். சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலுக்கும் இருந்தது. நடிகர் பிராட் பிட், தனக்கு இது இருக்கலாம், மக்கள் தன்னை ஒட்டாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று வருந்துவதாக 2022-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அவருக்கே அந்தக் கதி என்றால் சின்ன மாமனாரிடம் நீ எம்மாத்திரம் என்று என் கணவர் சொல்லிச் சிரித்தார். அன்றுதான் வீட்டில் இறுக்கம் தளர்ந்தது.

இதைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே யாராவது பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். என் அனுபவத்தில் உண்மையாக உதவியது சொல்லிவிடுவதுதான், அதையும் முன்கூட்டியே சொல்வது. ஒருவரைக் கவனிக்காமல் போய்விட்ட பிறகு காரணம் சொன்னால் அவர் காதில் அது சமாளிப்பாகத்தான் விழுகிறது. முதல் சந்திப்பிலேயே, சிரித்த முகத்தோடு, "எனக்கு முகம் மனசுல நிக்காது, பிறவியிலேயே அப்படி. அடுத்த தடவை பார்க்கும்போது உங்க பேரைச் சொல்லிடுங்க, போதும்" என்று சொன்னால் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மருத்துவப் பெயரைச் சொல்லி விளக்கவுரை கொடுத்தால் ஆட்கள் பயந்துவிடுகிறார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே ஒரு வேலையைக் கொடுத்தால் போதும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இப்படித்தான். மறுபடி குழந்தைகள் வேலைக்கே போக விரும்பி, வேறொரு நிலையத்தில் நேர்முகத் தேர்விலேயே சொன்னேன். "அப்படின்னா எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டார்கள். கூட்டிப்போக வரும் எல்லாரும் ஓர் அட்டையைக் காட்ட வேண்டும், யாராக இருந்தாலும், என்று பதில் வைத்திருந்தேன். பாதுகாப்புக்கு நல்லது என்று அங்கே எல்லா வகுப்புக்கும் அதையே வைத்துவிட்டார்கள். பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் வேலை கிடைத்திருக்குமா, எனக்குச் சந்தேகம்தான்.

சில்லறை உபாயங்களும் இருக்கின்றன. கல்யாணத்துக்குச் சீக்கிரமே போய் வாசலுக்குப் பக்கம் உட்கார்ந்துவிடுவேன், வருகிறவர்கள் அவர்களாகவே வந்து பேசுவார்கள். என் கணவர் யாராவது நெருங்கும்போது, "வாங்க குமார் அண்ணே" என்று பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுவார். தைப்பூசத்தில் அவர் பால்குடம் எடுத்தபோது சுற்றிலும் மஞ்சள் வேட்டிதான், டேங்க் ரோடு கோயில் வாசலில் யாரோ ஒருவரைக் கூட்டிப்போகப் பார்த்தேன். அதற்குப் பிறகு மணிக்கட்டில் ஊதாத் துணி கட்டிக்கொள்கிறார். கைப்பேசியில் பெயர்களுக்குப் பக்கத்தில், கரகரத்த குரல், இடது காலைச் சாய்த்து நடப்பார், எப்போதும் வெள்ளைச் சங்கிலி என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலுக்குக் கடவுச்சொல் வையுங்கள், மற்றவர் கண்ணில் பட்டால் அசிங்கம். அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியில் நுழைய முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால் அந்தச் செயலி என் முகத்தை ஒரு நொடியில் தெரிந்துகொள்கிறது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

போன தீபாவளிக்கு முன்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி எழுதிப் போட்டேன். பெரியம்மா ஒருவர் அன்றிலிருந்து தொலைபேசியில் பேசினால்கூடத் தன் முழுப் பெயர், புளோக் எண் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். சின்ன மாமனார் பதில் போடவில்லை. நேரில் பார்த்தால் இன்னும், "என்னைத் தெரியுதா?" என்றுதான் கேட்கிறார். வாயைத் திறந்ததுமே குரலில் தெரிந்துவிடுகிறது, "வாங்க மாமா" என்று சொல்லிவிடுகிறேன். அதனால் இவள் அன்றைக்கு நடித்தாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டதாகக் கேள்வி. விட்டுவிட்டேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் என் மகனுக்கும் இருக்கிறது போலத் தெரிகிறது. தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். கூட்டத்தில் என் கையை விடவே மாட்டான், நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தால் ஒரு கணம் தயங்குவான், படத்தில் கதாநாயகன் சட்டை மாற்றினால் "இது யாரு?" என்பான். கூச்சம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் கூச்சம் இல்லை. இப்படிப் பிள்ளை இருந்தால் கூட்டத்தில் தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். அம்மா மாதிரி உடுத்தியவரோடு போய்விடாமல் இருக்க வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் அதைச் சொன்னால்தான் போக வேண்டும். வகுப்பாசிரியரிடம் வருடத் தொடக்கத்திலேயே பேசுங்கள். நான் பேசினேன், பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவும், இடத்தை அடிக்கடி மாற்றுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். உடற்கல்வி நேரம் மட்டும் இன்னும் சரியாகவில்லை, எல்லாரும் ஒரே டீ சட்டை. இரு அணிக்கும் வேறு வேறு நிற மேலங்கி கொடுக்கும் நாளில் பந்தைச் சரியான ஆளுக்குத் தட்டிவிடுகிறான். கொடுக்க மறந்த நாளில் தானே போய் கோல்கீப்பராக நின்றுகொள்கிறான்.